வரப்பு தாண்டிய நீர்முள்ளி

ரெங்கம்மாள் வரப்பில் ஒரு களை நிற்காது. நீர்முள்ளி தலைகாட்டினால் போதும், கையில் முள் ஏறினாலும் விடாமல் வேரோடு பிடுங்கி, பக்கத்து வயல் எழில்மொழியின் பக்கம் வீசிவிட்டுத்தான் மறுவேலை. வருஷக்கணக்காக இதே கதை. எழில்மொழி ஒரு நாளும் ஏனென்று கேட்டதில்லை. அதுவே ரெங்கம்மாளுக்கு இன்னும் எரிச்சல்.

இந்த மார்கழியில் அவளுக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டன. நீடாமங்கலத்து ஆயுர்வேத டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "நீர்முள்ளியைக் கஷாயம் வச்சுக் குடிங்கம்மா. உங்க வயல்லயே கிடைக்குமே" என்றார்.

எங்கே கிடைக்கும்? அவள் வரப்பு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எழில்மொழியின் பக்கம்தான் ஊதாப்பூவும் முள்ளுமாகப் புதர் மண்டிக் கிடந்தது. வேறு வழியில்லாமல் ரெங்கம்மாள் தொண்டையைச் செருமினாள்.

"எழிலு, நாலு செடி பிடுங்கிக்கவா?"

"இதுக்கெல்லாமா கேப்பீங்க? எல்லாம் உங்க பக்கத்துலேர்ந்து வந்ததுதானேக்கா!" எழில்மொழி சிரித்துக்கொண்டே அரிவாளோடு இறங்கி, முள் குத்தாமல் துண்டில் சுற்றி ஒரு கட்டு நீட்டினாள்.

வாங்கிக்கொண்ட ரெங்கம்மாளுக்கு மனசு குளிர்ந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "இத்தனை வருஷமா வீசுறேன், ஒரு வார்த்தை கேட்டியாடி நீ?"

"எங்க மாமியாருக்கு மூணு வருஷமா இந்தக் கஷாயம்தான்க்கா. நான் வாயைத் திறந்தா, நீங்க வீசுறதை நிறுத்திட மாட்டீங்க?"