சைஸ் அக்காவின் சொந்தக் கால்

அந்த ஷூ கடையில் அவளுக்குச் சைஸ் அக்கா என்று பெயர். ஆள் வாசலில் நுழையும்போதே காலைப் பார்த்து அளவு சொல்லிவிடுவாள். அதை ஒப்புக்கொள்ளாமல், விரல்களை மடக்கிச் சின்ன ஷூவுக்குள் காலைத் திணிக்கும் பெண்களை அவள் சும்மா விட்டதில்லை. "விரலை நீட்டுங்க மேடம். கடையில மடக்கலாம், ரோட்டுல மடக்கிட்டே நடப்பீங்களா?" என்று மூஞ்சிக்கு நேராகவே கேட்பாள்.

இப்படி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவளின் வலது காலில், பெருவிரல் மூட்டில், எலும்பு புடைத்துக்கொண்டு நின்றது. பெருவிரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்து படுத்திருந்தது. கடையில் பெண்கள் கூர்மூக்கு ஷூதான் போட வேண்டும் என்பது விதி. எலும்புக்கு விதி தெரியாது. சாயங்காலம் ஆனால் உயிர் போகும். கட்டிய புருஷனுக்குக்கூட அந்தக் காலைக் காட்டியதில்லை. வீட்டிலும் சாக்ஸ்தான். குளிர் தாங்காத உடம்பு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். "நொண்டுறீங்கக்கா. சீசன் வருது. நிக்க முடியலைன்னா கோடவுன்ல உக்காந்து பெட்டி அடுக்குங்க. சம்பளம் அதேதான்."

நல்ல மனுஷன், நல்லதைத்தான் சொன்னார். ஆனால் கோடவுனில் ஜன்னலும் கிடையாது, பேச ஆளும் கிடையாது. நாலு பேரிடம் வாயாடாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அட்டைப்பெட்டியிடம் என்னத்தைப் பேசுவது? அங்கே போனால் செத்துப்போவேன் என்றே பயந்தாள்.

மறுநாளே டாக்டரிடம் ஓடினாள். எலும்பை நேராக்க ஆபரேஷன்தான் வழி, ஆனால் அதற்கு இப்போது அவசரமில்லை, காலுக்கென்றே அளவெடுத்து இன்சோல் என்ற உள்மெத்தை செய்து ஷூவுக்குள் போட்டால் வலி குறையும் என்றார் அவர். இன்சோல் செய்பவர் ஒரு நுரைப்பெட்டியைத் தரையில் வைத்து, "சாக்ஸைக் கழட்டிட்டு சாதாரணமா நில்லுங்கம்மா," என்றார். நின்றாள். நுரையில் கால் பதிந்தது. வேலை முடிந்தது.

இன்சோல் வந்தது. போட்டுக்கொண்டு நின்ற முதல் நாளே வலி இரண்டு மடங்கானது. மதியமே கிளம்பிப் போய் அந்த மனுஷனை ஒரு பிடி பிடித்தாள்.

"என் காலுக்குத்தான் செஞ்சீங்களா, இல்ல யார் காலுக்கோ செஞ்சீங்களா?"

அவர் வாதாடவில்லை. நுரையில் பதிந்த காலை வைத்து வார்த்த அச்சை எடுத்து மேஜைமேல் வைத்தார். அழகான கால். விரல்களெல்லாம் ஒழுங்காகச் சேர்ந்து, போட்டோவுக்கு நிற்பதுபோல நின்றன.

"இது யாரோட கால்?"

"உங்களோடதும்மா."

அவள் அதை உற்றுப் பார்த்தாள். தன் காலைவிட ஒரு சைஸ் சின்னது. தொழில் தெரிந்தவள், தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை.  

"விரலை மடக்கிட்டேன்," என்றாள்.

"ஏம்மா?"

"நீங்க பாத்துட்டு இருந்தீங்க."

அவர் யோசித்தார். புது நுரைப்பெட்டியை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "இப்ப நில்லுங்க." எலும்பும் கோணல் விரலுமாகக் கால் முழுசாக இறங்கியது. திரும்பியவர், "இதுதான் கால். இதுக்குச் செய்யற இன்சோல் கூர்மூக்கு ஷூவுக்கு ஆகாது. முன்பக்கம் அகலமா இருக்கணும்," என்றார்.

கடையின் பெண்கள் பிரிவில் அப்படி ஒன்றும் இல்லை. ஆண்கள் பிரிவில் இருந்தது, ஒரு ஜோடி வாங்கினாள். கறுப்பு, லேஸ் வைத்தது, அத்தனை லட்சணமாக இருந்தது என்று சொல்ல முடியாது. புது இன்சோல் வந்ததும் அதன் உள்ளே உட்கார்ந்தது, கால் அதன்மேல் உட்கார்ந்தது. காலையிலிருந்து மதியம்வரை நின்றாள். வலி தேய்ந்து முணுமுணுப்பாகிவிட்டிருந்தது.

மதியத்துக்குமேல் மேனேஜர் வந்தார். ஒரு வாடிக்கையாளர் அம்மா ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இது, ஆம்பளை ஷூ?"

 குனிந்து லேஸை அவிழ்த்தாள், சாக்ஸையும் உருவினாள். இந்தத் தடவை எதையும் மடக்கவில்லை.

"என் கால் இதுதான் சார். இந்த ஷூவுலதான் நிக்கும். விதியை மீறினதுக்குக் கோடவுனுக்கு அனுப்பணும்னா அனுப்புங்க. ஆனா இனிமே இதை மறைக்க என்னால முடியாது."

மேனேஜர் காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இதோடயா இத்தனை வருஷம் நின்னீங்க?" என்றார்.

வாடிக்கையாளர் அம்மா தன் ஷூவை மெதுவாகக் கழற்றி ஓரமாக வைத்தார். "எனக்கு ஒரு சைஸ் பெரிசா வேணும்," என்றார், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

பெரிய சைஸ் கோடவுனில்தான் இருந்தது. எடுக்கலாம் என்று சைஸ் அக்கா எழுந்தாள்.

"நீங்க உக்காருங்கக்கா, அந்த அம்மாகிட்ட பேசிட்டு இருங்க," என்று சொல்லிவிட்டு மேனேஜரே கோடவுனுக்குள் போனார்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வியாபார நேரம் என்பதால் அழவில்லை.