தீபிகா அடித்த மணி

அந்தப் பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் கருப்பு மார்க்கர் பேனா திருடாதவர் என்று யாருமே கிடையாது. வெளிநாட்டிலிருந்து இறக்கிய கருவிகள் திறந்தபடி கிடக்கும், ஒருவரும் தொடமாட்டார்கள். மேசைமேல் ஒரு மார்க்கரை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய் வந்தால் அது போன இடம் தெரியாது. இந்த அநியாயத்தைப் பொறுக்க முடியாமல்தான் தீபிகா போன வாரம் கண்ணில் பட்ட மார்க்கர்களையெல்லாம் அள்ளித் தன் இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டாள். எல்லாமே ஒரு காலத்தில் தன்னுடையவைதான் என்பது அவள் கட்சி. அது உண்மையாகவும் இருக்கலாம்.

தீபிகா அங்கே பி.எச்.டி. செய்கிறாள், ஐந்தாவது வருடம். அவளுக்கு வாய்த்தது கேழ்வரகின் மரபணு ஒன்று. குலைநோய்க்கு அசராத ஒரு ரகத்திலிருந்து எடுத்தது. அதை முழுசாகப் பாக்டீரியாவுக்குள் ஏற்றினால்தான் மேற்கொண்டு எதையும் செய்ய முடியும். ஆனால் பாக்டீரியாவுக்கு அந்த மரபணு ஆகவே ஆகாது. உள்ளே போன வேகத்தில் அதை நறுக்கி வெளியே தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைபோலத் தட்டில் கடுகு கடுகாகக் கூட்டம் கட்டி வளர்ந்து நிற்கும். காலனி என்று அதற்குப் பெயர். எந்தக் காலனி யோக்கியமானது என்று கண்டுபிடிக்க, கேழ்வரகு மரபணுவின் வாலில் ஜெல்லி மீனின் மரபணு ஒன்றைத் தீபிகா கட்டிவிட்டிருந்தாள். கேழ்வரகு சேதமில்லாமல் உள்ளே இருந்தால் அந்தக் காலனி நீல விளக்கில் பச்சையாக மின்னும், இல்லாவிட்டால் இருட்டு. இத்தனை காலமாக அவள் பார்த்ததெல்லாம் இருட்டுதான்.

இன்று மதியம் மூன்று மணிக்கு அவள் ஆராய்ச்சியை மதிப்பிடும் கமிட்டி கூடுகிறது. தலைவர் வெங்கடசுப்ரமணியன் போன கூட்டத்திலேயே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். அடுத்த முறைக்குள் ஒரு காலனியாவது மின்ன வேண்டும், இல்லையென்றால் கேழ்வரகை மூட்டை கட்டிவிட்டு வேறு தலைப்பு. ஐந்தாவது வருடத்தில் வேறு தலைப்பு என்றால் மறுபடி அ, ஆவிலிருந்து. தீபிகாவுக்கு அதைவிடப் பெரிய துக்கம் வேறு. அந்த மரபணுவை அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது. அதைத் திட்டித் திட்டியே அதன்மேல் பாசம் வந்துவிட்டது, சில பேர்மேல் வருகிற மாதிரி.

நேற்றுச் சாயங்காலம் கடைசி முயற்சியாகத் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, கதகதப்பான இன்குபேட்டர் பெட்டியில் வைத்துவிட்டுச் சந்தாபுராவில் இருக்கும் வீட்டுக்குப் போனாள். பொம்மனஹள்ளியில் மோட்டார் பாகம் செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும் அப்பா கோவிந்தராஜன், சாப்பிடும்போது வழக்கம்போல உன் பூச்சி வளர்ந்ததா என்று கேட்டார். நாளைக்குத் தெரியும் என்றாள். காலையில் கிளம்பிய பஸ் ஒசூர் ரோட்டில் நட்டுவைத்த மாதிரி நின்றுவிட்டது. தட்டு அதிக நேரம் சூட்டில் கிடந்தால் வீணாகிவிடுமே என்று அச்யுத்துக்குப் போன் போட்டு, அதை எடுத்துக் காலனிகளை எண்ணி வைக்கச் சொன்னாள். அச்யுத் அவளுக்கு இரண்டு வருடம் இளையவன், பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவன். சொன்ன வேலையைச் சொன்னதற்கு மேலேயே செய்கிற ரகம். ஆபத்தே அதில்தான் இருந்தது.

அவள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அச்யுத் அங்கே இல்லை. திரவ நைட்ரஜன் பிடித்து வரப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போயிருந்தான். தட்டு மட்டும் அவள் மேசையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு இருட்டறைக்குள் போனாள். நீல விளக்கின்மேல் தட்டை வைத்து, ஆரஞ்சுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

தட்டு முழுக்க மின்னியது. ஒன்றல்ல, பத்தல்ல, தட்டில் இருந்த அத்தனை காலனியும் பச்சைப் பசேலென்று ஜொலித்தது. தீபிகா மற்றக் கண்ணையும் திறந்தாள். அப்போதும் மின்னியது. அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விஞ்ஞானியாக இருப்பவள் இந்த இடத்தில் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஐந்து வருடம் ஏமாந்தவளுக்குச் சந்தேகப்பட எங்கிருந்து தெம்பு வரும். அவள் நேராக மணியை நோக்கி ஓடினாள்.

மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடத்தின் தலைவி ஸ்ரீவித்யா மேடம் சிக்பேட்டையில் வாங்கி, மாடி நடையில் மாட்டிய பித்தளை மணி அது. யாருக்காவது நல்ல முடிவு கிடைத்தால் அதை அடிக்கலாம். அடித்தால் மாடியில் உள்ள எல்லாக் கூடத்துக்காரர்களும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்து பார்ப்பார்கள். பொய்யாக அடித்தவர் ஒரு மாதம் மாடி முழுவதற்கும் கண்ணாடிச் சாமான் கழுவ வேண்டும். அந்தப் பயத்திலேயே இந்த வருடம் மணி சும்மா தொங்கியது. தீபிகா அடித்த அடியில் கயிறு பாதி அறுந்து கையோடு வந்தது.

மாடி திரண்டு வந்தது. இருட்டறைக்குள் நான்கு பேர்தான் நிற்கலாம், பதினைந்து பேர் நின்றார்கள். பக்கத்துக் கூடத்து லீனா வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாள், மற்றவர்கள் அதன் கீழே கைதட்டும் பொம்மைகளைக் கொட்டினார்கள். யாரோ தீபிகாவைத் தூக்க முயன்று மேசையில் இடித்துக்கொண்டார்கள். ஸ்ரீவித்யா மேடம் வந்து பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்து, அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்தே கமிட்டித் தலைவருக்குச் செய்தியும் அனுப்பிவிட்டார். தீபிகா அப்பாவைக் கூப்பிட்டு, பூச்சி வளர்ந்துவிட்டது என்றாள். மெஷின் சத்தத்துக்கு நடுவே அவர் அந்தச் செய்தியைப் பட்டறை முழுவதற்கும் கத்திச் சொன்னது அவளுக்குக் கேட்டது.

இந்த அமளியில்தான் அச்யுத் நைட்ரஜன் குடுவையை வெளியே வைத்துவிட்டு, கூட்டத்துக்குள் நுழைந்து வந்து எட்டிப் பார்த்தான். முதலில் அவனும் சிரித்தான். பிறகு தட்டையே உற்றுப் பார்த்தான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

“அக்கா,” என்றான் மெதுவாக. “அது காலனி இல்ல. நான் வெச்ச புள்ளி.”

தீபிகாவுக்குப் புரியவில்லை. என்ன புள்ளி என்றாள்.

“எண்ணச் சொன்னீங்கல்ல. ஒண்ணையே ரெண்டு தடவ எண்ணிடக் கூடாதுன்னு தட்டுக்கு அடியில ஒவ்வொண்ணுக்கும் ஒரு புள்ளி வெச்சேன். ஹைலைட்டர்ல.”

காலனி எண்ணுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், கருப்பு மார்க்கரில். மஞ்சள் ஹைலைட்டர் மையும் நீல விளக்கில் பச்சையாக ஜொலிக்கும் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம்தான். பாக்டீரியா வளரத் தட்டில் ஊற்றி உறையவைத்திருக்கும் கஞ்சியும் மஞ்சள் என்பதால், சாதாரண வெளிச்சத்தில் புள்ளிகள் யார் கண்ணிலும் படவில்லை.

“மார்க்கர்ல வெக்க வேண்டியதுதானேடா,” என்றாள் தீபிகா. 

“எங்கக்கா இருக்கு? லேப் பூரா தேடிட்டேன். ஒண்ணுகூட இல்ல.”

தீபிகாவின் கோட்டுப் பையில் இழுப்பறைச் சாவி கனத்தது. யாரோ ஒருவர் முதலில் மூக்கால் சிரித்தார். அப்புறம் அந்த இருட்டறையே குலுங்கியது. லீனா சுவரில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்தாள். சிரிக்காதவர்கள் தீபிகா, அச்யுத், ஸ்ரீவித்யா மேடம் மூவர் மட்டும். மேடம் மற்றவர்களைப் போய் வேலையைப் பார்க்கச் சொன்னார். போகிறவர்கள் கழுவ வேண்டிய கண்ணாடிச் சாமான்களைப் பற்றி அன்போடு விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மூன்று மணிக்குக் கமிட்டி. தலைவருக்குச் செய்தி போய்விட்டது. அப்பா பட்டறையில் இந்நேரம் மைசூர்பாகு விநியோகம் நடந்துகொண்டிருக்கும். தீபிகா கோட்டின் கையால் கண்ணைத் துடைத்தாள். அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், கேழ்வரகு கையைவிட்டுப் போய்விட்டதே என்றுதான் அழுகை வந்தது.

“சும்மனே அழாதே கணே,” என்றார் மேடம். ரொம்பவும் கலங்கினால் அவருக்குத் தமிழும் கன்னடமும் ஒன்றாகத்தான் வரும். “முதல்ல அந்த மையைத் துடை. மை இருந்துச்சுன்னா அடியில என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?”

துடைத்துத்தான் என்ன ஆகப்போகிறது என்று தீபிகா நினைத்தாள். இருந்தாலும் தட்டைக் கவிழ்த்து, எத்தனால் பாட்டிலால் பீய்ச்சி, பஞ்சுத் தாளால் அழுத்தித் துடைத்தாள். வரிசை வரிசையாகப் பச்சை நட்சத்திரங்கள் அணைந்தன. அச்யுத் ஒவ்வொன்றுக்கும் முகத்தைச் சுளித்தான். தட்டு பாதி இருண்டது, முக்கால் இருண்டது.

விளிம்போரம் ஒரு புள்ளி போகவில்லை. தீபிகா இன்னொரு முறை பீய்ச்சித் தேய்த்தாள். போகவில்லை. எரிச்சலோடு நகத்தால் சுரண்டினாள். அது அங்கேயே சாவதானமாக மின்னிக்கொண்டிருந்தது. தேய்த்துக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது.

மேடம் தட்டை அவள் கையிலிருந்து வாங்கி நிமிர்த்தி, மூடியைத் திறந்து, மேலிருந்து பார்த்தார். ஒளி அடியில் இல்லை. கஞ்சியின்மேல் கடுகளவு உட்கார்ந்திருந்த ஒரு காலனிக்குள் இருந்தது. மற்ற எல்லாம் கேழ்வரகைத் துப்பிவிட்டு வளர்ந்திருக்க, அது ஒன்று மட்டும் விழுங்கியதை விழுங்கியபடி வைத்திருந்தது. மையைவிட மங்கலான, இளந்தளிர்ப் பச்சை.

“ஒண்ணுதான் இருக்கு மேடம்,” என்றாள் தீபிகா.

“ஒண்ணு போதுமே.”

உண்மைதான். அந்தத் தொழிலில் ஒன்று போதும். ஒரு காலனியை ஒரு குச்சியால் தொட்டுக் குடுவையில் விட்டால், மறுநாள் காலையில் அது கோடிக்கணக்கில் நிற்கும். ஐந்து வருடமாக அவள் கேட்டதும் ஒன்றைத்தான். தீபிகா அச்யுத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அந்த இருட்டறையில் சுற்றினாள். ஒரு ஸ்டூல் கவிழ்ந்தது. மேடம் எத்தனால் பாட்டிலைக் காப்பாற்றிக்கொண்டு ஓரமாக நின்றார், ஆனால் அவர் காலும் தாளம் போட்டது.

பிறகு தீபிகா இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே மார்க்கர்கள் குவியலாகக் கிடந்ததைப் பார்த்து அச்யுத் அவற்றையும் எண்ண ஆரம்பித்தான். அவள் ஒன்றை எடுத்துத் தட்டின் அடியில், அந்தக் காலனியைச் சுற்றி ஒரு கருப்பு வட்டம் போட்டாள். அந்த மார்க்கரை அப்படியே அவன் சட்டைப் பையில் குத்திவிட்டு, மீதியை நடு மேசையில் கொட்டினாள். அப்புறம் போய் மணியை அடித்தாள். இந்த முறை ஒருவரும் வரவில்லை. லீனா மட்டும் கதவிடுக்கில் தலையை நீட்டி, இப்போது எந்தக் கலர் என்று கேட்டாள்.

முதல் மணிக்குத் தண்டனை தண்டனைதான் என்று மேடம் தீர்ப்புச் சொன்னார். தீபிகா அந்த நிமிடத்தில் மாடியையே கழுவச் சொன்னாலும் கழுவியிருப்பாள்.

மூன்று மணிக்குக் கமிட்டி அறைக்குள் அவள் தட்டோடும் நீல விளக்கோடும் போனபோது, கதை அவளுக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருந்தது. உறுப்பினர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். வெங்கடசுப்ரமணியன் மட்டும் சிரிக்கவில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, நீல விளக்கை ஏற்றச் சொன்னார். ஆரஞ்சுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஒற்றைப் பச்சைப் புள்ளியை நெடுநேரம் பார்த்தார். பிறகு தட்டை எடுத்துக் கவிழ்த்தார்.

“எத்தனால் இருக்கா?” என்று கேட்டார்.

பின்னால் நின்ற அச்யுத் கோட்டுப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினான். பெரியவர் தன் கைக்குட்டையையே நனைத்து, தட்டின் அடியை அழுத்தி அழுத்தித் துடைத்தார். தீபிகா போட்ட கருப்பு வட்டம் கலைந்து கைக்குட்டையில் அப்பியது. அவர் தட்டைத் திருப்பி விளக்கில் வைத்தார். புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது.

“சரிம்மா,” என்றார் அவர். “கேழ்வரகு உன்னோடதுதான்.”