கை சொன்ன எடை

ராணுவத்தில் நான் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை மருத்துவன். "பட்டாளத்துல குழந்தைங்களுக்கு என்ன வேலை?" என்று என் மைத்துனன் பத்தொன்பது வருடமாகக் கிண்டலடிக்கிறான். குண்டு விழுகிற ஊருக்கு அவனை ஒருமுறை கூட்டிப்போக வேண்டும்.

எடையைப் பார்த்துத்தான் மருந்து. எடை தெரியாவிட்டால் வயதை வைத்துக் கணக்குப் போடு என்கிறது புத்தகம். பட்டினி கிடந்த பிள்ளைகளிடம் அந்தக் கணக்கு பலிக்காது. எங்கள் கூடார ஆஸ்பத்திரியில் எடை மெஷினும் உடைந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு பிள்ளையையும் தூக்கிப் பார்த்து நர்ஸிடம் எடையைச் சொல்வேன். இத்தனை வருடப் பழக்கம், அரை கிலோவுக்கு மேல் தப்பாது.

காலையில் தூக்கிய ஆறு வயதுப் பையன் பதினொரு கிலோ இருந்தான். மத்தியானம் போய்விட்டான்.

அவன் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசியா நீங்க அவனைத் தூக்கிக் கொஞ்சினீங்களே சார். எனக்கு அது போதும்."

எடை பார்க்கத்தான் அவனைத் தூக்கினேன்.

அடுத்த பிள்ளையைத் தூக்கினேன்.

"எத்தனை கிலோ சார்?" என்றாள் நர்ஸ்.

"ஒன்பது."

அவள் ஊசியில் மருந்தை ஏற்றி முடிக்கும்வரை நான் பிள்ளையைக் கீழே இறக்கவில்லை.