அறுபத்து மூன்றாவது விடை

நூறாவது கட்டம் காலியாக இருந்தது. தங்கை கடைசி விடையையும் சொல்லிவிட்டு, மார்பின்மேல் கிடந்த கேள்வித்தாளை மூடிவிட்டாள். அவன் எழுதிய தாளிலோ தொண்ணூற்றொன்பதோடு எழுத்து நின்றுபோயிருந்தது.

"எல்லாம் வந்துச்சாண்ணே?"

"வந்துச்சு."

மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் அவள் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கண்ணயரட்டும், எழுந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று திரையை இழுத்துவிட்டான். நாலு மணி மாத்திரைக்கு எழுப்பினான். அவள் எழவில்லை.

பயிற்சி மையத்தில் அவள் உயிரியல் ஆசிரியை. நுழைவுத் தேர்வுப் பிள்ளைகளுக்காக, செல், மரபணு என்று நூறு கேள்விகளாக ஒரு சிறு புத்தகம் எழுதியிருந்தாள். கேள்விகள் அச்சாகிவிட்டன, விடைப் பக்கம் மட்டும் பாக்கி. பேனா பிடிக்க அவளால் முடியாததால் அவன் பென்சிலோடு எழுத உட்கார்ந்தான். கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதால் அங்கே அவனுக்குப் பெயர் காலேஜ். அ, ஆ, இ, ஈ, நாலே எழுத்துதான், உன் காலேஜ் படிப்புக்கு இது போதும் என்று அவளும் கிண்டல் செய்திருந்தாள்.

மறுநாள் காலை அச்சகத்துக்காரர் வந்தார். அவளைப் பார்த்து நின்றார். பிறகு அவனைத் தனியே அழைத்து, கேட்கக் கூடாத நேரந்தான், ஆனால் தேர்வுக்கு மூன்றே வாரம் என்றார். அவளை எடுத்துப்போகும் வண்டி வருவதற்குள் தருவதாகச் சொல்லி, அவன் தாளோடு தங்கையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அந்த அறையில் வேறு இடமும் இல்லை.

நடுவில் எங்கோ ஒன்று விட்டிருக்கிறது. அதற்குக் கீழே எல்லாம் ஒரு கட்டம் மேலேறி நிற்கிறது. சரியாக எழுதிய பிள்ளையும் தப்பென்று அடித்துக்கொள்ளும். டீச்சருக்கே தெரியவில்லை என்பார்கள். அட்டையில் அவள் பெயர் இருக்கிறது. கேள்விகளை விரல் வைத்துப் படித்துப் பார்த்தான். வார்த்தைகள் வாய்க்கு வந்தன; ஒன்றும் விளங்கவில்லை.

அவளிடம் முன்பு படித்த பெண்ணொருத்தி வந்து சுவரோரமாக உட்கார்ந்தாள். இப்போது நர்சிங் படிக்கிறாளாம். நடுவில் ஒரு விடை விட்டுப்போயிருக்கிறதென்று சொல்லி அவன் இரண்டு தாள்களையும் நீட்டினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். வெகுநேரம் கழித்து விரல் நின்றது.

"அறுபத்திரண்டு வரைக்கும் சரி அங்கிள். அடினினுக்கு ஜோடி தைமின், அது அறுபத்திநாலு. நீங்க ஒண்ணு முன்னாடி போட்டுட்டீங்க. மிஸ் அறுபத்திமூணைச் சொல்லாம விட்டுட்டாங்களா?"

"அவ விடமாட்டா." குரலைத் தாழ்த்தினான். "முந்தின நாள் ரெண்டு ஷிப்ட். நான்தான் தூங்கிட்டேன்."

பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டே சொன்னதால் தங்கைக்குத் தெரிந்திருக்காது. அல்லது தெரிந்து, எழுப்ப வேண்டாமென்று விட்டாளோ என்னவோ.

"என்ன கேள்வி அது?"

"செல்லுக்கு வேண்டிய சக்தியைத் தயாரிச்சுக் கொடுக்கிறது எது? மைட்டோகாண்ட்ரியா. இ. ஈசி அங்கிள், எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாதேம்மா."

அந்தப் பெண் கைப்பையிலிருந்து ரப்பரை எடுத்துக் கொடுத்தாள். மிச்சத்தைத் தான் எழுதித் தரவா என்று கேட்டதற்கு அவன் தலையாட்டி மறுத்தான்.

அறுபத்து மூன்றிலிருந்து அழித்து அழித்து எழுதிக்கொண்டு வந்தான். வெளியே வண்டி வந்து நின்றது. அச்சகத்துக்காரர் ஓட்டுநரிடம் ஏதோ சொல்ல, அவர் இன்ஜினை நிறுத்திவிட்டு வாசலில் காத்திருந்தார். தொண்ணூறைத் தாண்டியதும் ஒரு எழுத்தை இரண்டு தரம் எழுத வேண்டியிருந்தது. நூறாவது கட்டத்தில் 'ஆ' போட்டான்.

தாள் முழுக்க ரப்பர்த் தூள். ஊத வாயெடுத்தவன், அவள் முகத்தில் பட்டுவிடாமல், ஜன்னல் பக்கம் திரும்பி ஊதினான்.