உதவாக்கரை என்ற சொல்லின் பிறப்பிடம்

மார்ச் பதினொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, அகராதிக்காரர் வீட்டு மாடியில், அவருடைய தம்பி உட்கார்ந்திருந்த நாற்காலி தரைக்குள் நூலளவு இறங்கியது. தேநீர் ஆறிவிட்டது என்று தம்பி சொன்னதற்கு அண்ணி, "உதவாக்கரைக்கு நாக்கு மட்டும் நல்லா வேலை செய்யுது" என்றிருந்தாள். தம்பி அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர். அச்சகம் மூடிய பிறகு வேலையில்லை. அந்தச் சொல்லை வீட்டில் யாரும் கோபமாகச் சொல்வதில்லை, ஜன்னலைச் சாத்து என்பதைப் போலத்தான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நாற்காலி ஒரு நூல் இறங்கியது. இரண்டாம் ஆண்டில் மேசை அவர் மோவாயைத் தொட்டது. தூக்கிவிடப் பார்த்தால் வலியில் கத்தினார். கீழ்வீட்டுத் தையல்காரம்மா, தன் கூரையில் நான்கு மரக்கால்களும் இரண்டு மனிதக் கால்களும் தொங்குவதைப் பார்த்து மேலே வந்தார். "சார், விரலெல்லாம் குளிர்ல நீலம் பூத்திருக்கு. காலுறை போட்டுவிடட்டுமா?"

பிறந்த இடம் தெரிந்துவிட்டால் எந்தச் சொல்லையும் அங்கேயே திருப்பி அனுப்பிவிடலாம் என்று அகராதிக்காரர் நம்பினார். மனைவியிடம் விசாரித்தார். "உங்க வாயிலேருந்துதான் கத்துக்கிட்டேன். வேற யாரு சொல்லித் தந்தா?" என்றாள். அவருக்கு நினைவில்லை. அகராதி அலுவலகத்திலிருந்து, அந்தச் சொல்லை யார், எப்போது, யாரிடம் சொன்னார்கள் என்று குறித்துவைத்த நாற்பத்தொரு சீட்டுகளையும் கொண்டுவந்தார். அங்கே சீட்டுகளை ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் பட்டியலைப் பார்த்து 'சரி' சொல்வது முப்பது வருடப் பழக்கம். பட்டியலைத் தம்பி வாங்கிக்கொண்டார்.

தேதியும் பேசியவரும் சான்றாகச் சேர்ந்ததால் சொல்லின் எடை கூடியது. சீட்டுக்கு ஒரு விரற்கடை இறங்கியது. நீர் ஏறாத வாய்க்கால் கரை என்றது ஒரு சீட்டு. ஒரு மாமனார் மருமகனுக்கு எழுதிய கடிதம் என்றது இன்னொன்று. அகராதிக்காரர் தலை நிமிரவில்லை. முப்பத்தெட்டாவது சீட்டுக்கு 'சரி' கீழ்வீட்டிலிருந்து கேட்டது. கடைசிச் சீட்டு, அகராதிக்காரரே வேலைக்குச் சேர்ந்த வாரம் வீட்டுப் பேச்சிலிருந்து எழுதியது. பேசியவர்: நான். யாரிடம்: தம்பியிடம். அதையும் வாசித்தார்.

"சரிண்ணா," என்றது குரல். "கையெழுத்து உன்னோடதுதான்."

அகராதி நவம்பரில் வெளிவந்தது. அந்தச் சொல்லுக்கு நேரே 'பிறப்பு தெரியவில்லை' என்று அச்சாகியிருந்தது. தம்பி கீழ்வீட்டில் பொத்தான் தைக்கிறார். அகராதியைப் பலரும் புரட்டுவதால் அங்கேயும் நாற்காலி இறங்குகிறது. தையல்காரம்மா மாதம் ஒருமுறை மேசையின் கால்களை அவர் உயரத்துக்கு அறுத்துக் கொடுக்கிறார்.