வைத்தியலிங்கத்துக்கு ஒரு சொல்

வைத்தியலிங்கம் விடியற்காலையில் இறந்துபோனார். பதினோரு மணிக்கு மகன் சந்தானத்தோடு ஆட்டோவில் இறப்புப் பதிவு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். இறந்ததை எந்த ஆங்கிலச் சொல்லால் எழுதுவது என்று முடிவாகாதவரை யாரையும் எடுக்கக் கூடாது. எல்லா ஊரிலும் உள்ள நடைமுறைதான்.

அப்பாவை ஒரு மர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அறைக் கோடியில் பச்சைக் கதவு ஒன்று திறந்திருந்தது. எழுத்தரம்மா படிவத்தை நீட்டினாள்.

"ஒரே ஒரு சொல்லுதான் சார். யோசிச்சு எழுதுங்க."

சந்தானம் 'பாஸ்ட் அவே' என்று எழுதினான். நாற்காலி தானாகக் கதவை நோக்கி ஒரு முழம் நகர்ந்தது.

"மழுப்பல்டா அது," என்றார் அப்பா.

சந்தானம் அவசரமாக அந்தச் சொல்லை அடித்தான். நாற்காலி பழைய இடத்துக்கு வந்தது. அப்பா உரக் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் தலைமை எழுத்தர். மகன் எழுதிய லீவ் லெட்டரைக்கூடக் குறை சொல்லாமல் திருப்பிக் கொடுத்தவரில்லை.

'நோ மோர்' என்று எழுதினான். நாற்காலி நகர்ந்தது.

"கடையில சரக்கு இல்லேங்கிற மாதிரி இருக்கு."

அடித்தான். 'டெமைஸ்' என்று எழுதினான்.

"அது மந்திரிக்குப் போடறது. நான் யாரு?"

அடித்தான். விஷயம் பிடிபட்டது. குறை சொல்கிறவரை அப்பா இருப்பார். சந்தானத்துக்குச் சந்தோஷம் தாளவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதினான். படிவம் தீரத் தீர மேசை நீண்டுகொண்டே போனது. எழுத்தரம்மா சைக்கிளில் வந்து அடுத்ததைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

வீட்டிலிருந்து மாமா போன் செய்தார்.

"மாப்ள, ஐஸ் பெட்டி காலியா ஓடிக்கிட்டிருக்கு. சனமெல்லாம் மாலையோட நிக்குது. சொல்லு கெடைச்சுதா?"

"அப்பா ஒத்துக்க மாட்டேங்கிறாரு மாமா."

"என்னிக்கி ஒத்துக்கிட்டாரு?"

அப்பா கால் மாற்றிக் கால் போட்டார். சுவரைப் பார்த்தார். கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில் 'சாப்பிடப் போயிருக்கிறது' என்று சீட்டு தொங்கியது.

"எவ்வளவு நேரம்டா? முதுகு வலிக்குது."

"சரியான சொல்லா இருக்க வேண்டாமாப்பா?"

இன்னும் ஒரு சொல்தான் பாக்கி. 'எக்ஸ்பயர்ட்'. அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. மாத்திரைக்குப் போடுகிற சொல்லை மனுஷனுக்குப் போடுவதா என்று கம்பெனியில் இரங்கல் சுற்றறிக்கையையே கிழித்துப் போட்டவர். இதற்குச் சாயங்காலம்வரை திட்டுவார். சந்தானம் கொட்டை எழுத்தில் எழுதி அவர் மடியில் வைத்தான்.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு மகனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரியா எழுதியிருக்கடா," என்றார்.

படிவத்தை அவரே எழுத்தரம்மாவிடம் நீட்டினார். அவள் முத்திரை குத்தினாள். நாற்காலி பச்சைக் கதவை நோக்கி நகர ஆரம்பித்தது.

"இல்லப்பா, தப்பு! நல்லா பாருங்க, தப்பு!" என்று கத்திக்கொண்டே சந்தானம் நாற்காலிக்குப் பின்னால் ஓடினான்.