ஜும்ஆ நேரத்து மெயின் சுவிட்ச்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, காலை எட்டு மணிக்கே பதுளை பஜாரில் ஷுக்ரி நானாவின் போட்டோகொப்பிக் கடையில் உட்கார்ந்துவிட்டாள் லக்ஷனா. பல்கலைக்கழக வளாகத்தில் இறுதியாண்டு. ஒரு வருடமாக அவளே எழுதிய மைக்ரோகெர்னல் இயங்குதளம் ஆறு மணி நேரம் நிற்காமல் ஓடவேண்டும். அந்த ஓட்டத்தின் பதிவு இன்று மூன்று மணிக்குள் விரிவுரையாளருக்குப் போகவேண்டும். தவறினால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். அவளுடைய மடிக்கணினியோ, சமயம் பார்த்துப் போன வாரம் கண்ணை மூடிவிட்டது.

"என்ட கம்பியூட்டர அழிச்சிட மாட்டியே மகள்?" என்று நானா முதலிலேயே கேட்டிருந்தார்.

"இல்லீங்க நானா. உங்க கம்பியூட்டர்ல இன்னொரு புரோகிராம் மாதிரி, ஒரு ஜன்னலுக்குள்ள மட்டுந்தான் ஓடும். மூடிட்டா போயிரும்."

எல்லாவற்றையும் யோசித்தவள் கிழமையை யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு நானா தொப்பியைப் போட்டுக்கொண்டு மெயின் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார். முன்பொரு ஜும்ஆத் தொழுகை நேரத்தில் பூட்டிய கடைக்குள் வயர் எரிந்து பாதிக் கடை போனதிலிருந்து, கரண்டை நிறுத்தாமல் அவர் பள்ளிவாசலுக்குப் போனதே இல்லை.

லக்ஷனாவுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் வேண்டும். இடம் கொடுத்த மனிதரிடம் மடத்தையும் எந்த முகத்தோடு கேட்பது? அவள் முழிப்பதைப் பார்த்து அவரே விசாரித்தார். சொன்னாள். நானா சுவிட்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு மேல்மாடிப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"ஸுபைரா, நான் வாற வரைக்கும் இந்தப் பிள்ளையோட இரிங்க. புகை வந்தா மட்டும் ஓஃப் பண்ணுங்க."

பாதி இறக்கிய ஷட்டருக்குள் ஸுபைரா அக்கா இமைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு சிவப்பு வரி: டிஸ்க் டிரைவர் செத்துவிட்டது. அக்கா சுவிட்சுக்கு ஓடினார்.

"வேணாங்க அக்கா. சோதிச்சுப் பாக்க நாந்தான் அத வேணும்னே விழ வைக்கிறேன். எங்க தோட்டத்து லயத்துல எல்லா வீட்டுக்கும் கூரை ஒண்ணுதானே, ஒரு காம்பராவுல தீப்பிடிச்சா வரிசையே போயிரும். மத்த சிஸ்டமெல்லாம் அப்படி. இதுல ஒவ்வொரு பாகத்துக்கும் தனிக் கூரை. விழுந்தது மட்டும் திரும்ப எந்திரிக்கும், பாருங்க."

எழுந்தது. திரையின் மேல் மூலையில் மணிக்கணக்கு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். பிறகு கொப்பி மெஷினுக்குப் பக்கத்திலேயே விரிப்பைப் போட்டு லுஹர் தொழுதார்.

"உன்ட புரோகிராமுக்கும் சேத்துத்தான் துஆ கேட்டன்" என்றார், விரிப்பை மடித்தபடி.

ஒன்றேகாலுக்கு நானா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். முதலில் மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடித்தார், பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு மணிக்கு ஆறு மணி நேரம் நிறைந்தது. பதிவு விரிவுரையாளருக்குப் போயிற்று.

நன்றி சொல்ல எழுந்தவள் தலையைக் குனிந்தபோது நானாவின் கால்கள் கண்ணில் பட்டன. ஒரு காலில் அவருடைய மண்ணிறச் செருப்பு. மற்றதில் யாருடையதோ கறுப்புச் செருப்பு.

"நானா, செருப்பு..."

அவரும் குனிந்து பார்த்துவிட்டு வெட்கத்தோடு சிரித்தார். "தொழுது முடிஞ்சதும் ஓடி வந்துட்டன்."

"அவ்வளவு பயம்னா ஏங்க நானா கரண்ட நிப்பாட்டாம போனீங்க?"

"பயம் எனக்கு. பரீட்சை உனக்குத்தானே மகள்" என்று சொல்லிவிட்டு, கறுப்புச் செருப்புக்காரரைத் தேடி அவர் மறுபடி பள்ளிப் பக்கம் நடந்தார்.